மிக்கேல் கேட்ட தாள்

மறுபதிப்புக்குச் சம்மதிக்கறதுல எனக்குத் தடை ஒண்ணும் இல்லம்மா. ஆனா ஏழாவது அத்தியாயம் அப்படியே போகக் கூடாது. அதைச் சொல்லத்தான் உங்களை நேர்ல வரச் சொன்னேன். ஃபோன்ல சொன்னா நீங்க, சரிங்க மேடம் ரெண்டு வரி மாத்திக்கலாம்னு சொல்லி வச்சிருப்பீங்க. இது ரெண்டு வரி சமாச்சாரம் இல்லை. உங்களுக்கு அவசரம் இல்லைன்னா முழுசாச் சொல்றேன். தஞ்சாவூர்ல இருந்து திருச்சிக்கு பஸ் இருந்துக்கிட்டே இருக்கும்.

ஏழாவது எதுன்னு உங்களுக்கே தெரியும். கடல்பசு. மொத்தம் பத்து விலங்கு, பத்து அத்தியாயம். வரையாடு, பாறு கழுகு, சிங்கவால் குரங்கு எல்லாம் இருக்கு. ஆனா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பிள்ளைங்க கேக்கறது கடல்பசுவைத்தான். பரிசு கொடுத்தப்ப மேடையில வாசிச்சதும் அதோட கடைசி வரியைத்தான். "தாயை இழந்த அந்தக் குட்டி, இன்றும் அந்தப் படகைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது." நான் இருபத்தெட்டு வருஷம் உயிரியல் பாடம் நடத்தினவ, ரிட்டயர் ஆனப்புறம்தான் எழுத வந்தேன். அந்த மாதிரி ஒரு வரி எனக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதை நான் மறைக்கலை.

மத்த ஒன்பது அத்தியாயத்துலயும் மனுஷங்கன்னு யாரும் கிடையாது. காடு, மலை, எண்ணிக்கை, என்ன சாப்பிடும், எத்தனை குட்டி போடும், அவ்வளவுதான். அதனால அந்த ஒன்பதைப் பத்தி யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டலை. ஏழாவதுல மட்டும் ஒரு மனுஷனைக் கொண்டுவந்தேன்.

அவர் பேர் சூசை மிக்கேல். தொண்டிக்குத் தெக்க ஒரு சின்ன மீனவ ஊர். ஊர்ப் பேர் வேண்டாம், அந்தப் பாடம் இப்பத்தான் படிச்சிருக்கேன். அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி என்கிட்ட படிச்சவ. அவகிட்ட, கடல்பசுவைக் கண்ணால பார்த்தவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். அங்க கடல்பசுவை ஆவுளியான்னு சொல்லுவாங்க. அவதான் மிக்கேலைக் காட்டினா. நாப்பது வயசு இருக்கும். இடது கையில கட்டைவிரல் கிடையாது, வலை இழுக்கறப்ப கயிறு சுத்தி அறுந்துபோச்சாம். வேப்பமரத்தடியில உக்காந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டிருந்தார். நாலு விரலை வச்சுக்கிட்டு அவர் முடிச்சுப் போட்ட வேகம் இருக்கே, எனக்குப் பத்து விரல் இருந்தும் வராது.

முதல்ல பிடி கொடுக்கலை. ஆவுளியாவா, அதெல்லாம் இப்ப எங்க டீச்சர்னு சொல்லிட்டு வலையைப் பார்த்தார். நான் விடலை. இது குழந்தைங்களுக்காகன்னு சொன்னேன். உங்க பிள்ளைங்க நாளைக்குப் படிக்கும்னு சொன்னேன். எனக்கு ஒரு மகதான் டீச்சர், ஜெசிந்தான்னு, அது நல்லாப் படிக்கும்னார். அதுக்கப்புறம்தான் பேச ஆரம்பிச்சார்.

பல வருஷம் முன்னாடி நடந்தது. திருக்கை மீனுக்குன்னு பெரிய பெரிய கண்ணி வச்ச ஒரு வலை, கடலுக்கு அடியில போட்டுட்டு வந்துட்டு மறுநாள் காலையில போய் எடுப்பாங்க. அப்படி எடுக்கப் போனப்ப வலை கனத்துக் கிடந்திருக்கு. இழுத்துப் பார்த்தா ஆவுளியா. பெட்டை. அது மீன் இல்லையே, நம்மளை மாதிரி மேல வந்து மூச்சு வாங்கணும். வலையில சிக்கி வர முடியலை. மூச்சு முட்டியே செத்திருக்கு. பக்கத்துல குட்டி. சின்னக் குட்டி, பால் குடிக்கிற குட்டி. அது வள்ளத்தைச் சுத்திச் சுத்தி வந்திருக்கு. இவர் செத்ததை வள்ளத்தோட பக்கவாட்டுல கட்டி இழுத்துக்கிட்டுக் கரைக்கு வர்றார். குட்டி கரை வரைக்கும் கூடவே வந்திருக்கு. இடுப்பளவு தண்ணி வரைக்கும்.

கரையில கூட்டம் கூடிருச்சு. அறுத்துப் பங்கு போட்டாங்க. அப்பவும் அது சட்டப்படி தப்புதான், ஆனா அந்தக் காலத்துல யாரும் பெருசா எடுத்துக்கலை. இதைச் சொல்லிக்கிட்டிருக்கும்போது மிக்கேல் கை நின்னுபோச்சு. "நானும் ஒரு பங்கு வாங்கினேன் டீச்சர்" அப்படின்னார். நான் கேக்கவே இல்லை, அவரே சொன்னார். கண்ணு கலங்கிருச்சு. எழுதிக்கோங்கன்னு சொன்னாரா? இல்லை. எழுதாதீங்கன்னும் சொல்லலை. நான் நோட்டும் பேனாவுமாத்தான் எதிர்ல உக்காந்திருந்தேன், அது அவர் கண்ணுக்குத் தெரிஞ்சதுதானே.

அதோட அவர் நிறுத்தலை, இன்னும் நெடுநேரம் சொன்னார். அதுக்கு அப்புறம் வரேன்.

புத்தகத்துல பேரை மாத்தினேன். ஊரைச் சொல்லலை. இதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு தெரியாது. பேரை மாத்தினேன், ஊரைச் சொல்லலை. ஆனா கட்டைவிரலை விட்டுட முடியலை. எழுதறவங்களுக்கு அது புரியும். "கட்டைவிரல் இல்லாத கையால் அவர் வலையை இழுத்தார்." இதை எடுத்துட்டா அங்க யாரோ ஒருத்தர் வலை இழுக்கறார், அவ்வளவுதான். பிள்ளைங்களுக்குக் கண்ணு முன்னாடி ஆள் தெரியணும்.

தெரிஞ்சுது. அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்சுது.

புத்தகம் பள்ளி நூலகங்களுக்குப் போச்சு. அந்த டீச்சர், என்கிட்ட படிச்சவ, பெருமையா ஆறாம் வகுப்புல வாசிச்சுக் காட்டியிருக்கா. தெரியாமத்தான் செஞ்சா, பாவம். அவளுக்கு அந்த அத்தியாயத்துல யார் இருக்காங்கன்னு பாதி வாசிக்கும்போதுதான் உறைச்சிருக்கு. அதுக்குள்ள முப்பது தலையும் ஒரே பக்கம் திரும்பிருச்சு. மூணாவது வரிசையில ஜெசிந்தா.

பிள்ளைங்க எப்படி இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா. சாயங்காலமே, ஆவுளியா மக, ஆவுளியா மகன்னு ஆரம்பிச்சாச்சு. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைங்களோட அப்பாவும் தாத்தாவும் அன்னைக்குப் பங்கு வாங்கினவங்கதான். ஆனா புத்தகத்துல இருக்கறது மிக்கேலோட கைதானே. வனத்துறையில இருந்து ரெண்டு அதிகாரிங்க கூட வந்து விசாரிச்சுட்டுப் போனாங்களாம். பழைய கதைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க, தொந்தரவு எதுவும் பண்ணலை. அது பெரிசு இல்லை. வீட்டுக்குள்ள நடந்ததுதான் பெரிசு.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. அந்த டீச்சர் பயந்துக்கிட்டு என்கிட்ட சொல்லலை. நான் அந்த வருஷம் முழுக்க ஊர் ஊராப் போய்ப் பிள்ளைங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தேன். பரிசு வந்த வருஷம் அது.

மிக்கேலே நேர்ல வந்தார். ஜூன் மாசம், காலையில பத்து மணி இருக்கும். கேட்டுக்கு வெளியில வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கறார், எனக்கு அடையாளம் தெரியலை. கையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. பையில கருவாடு கொண்டுவந்திருந்தார். நாங்க சைவம், ஆனா நான் வாங்கிக்கிட்டேன், மனசு நோகக் கூடாதுன்னு. இதோ, நீங்க உக்காந்திருக்கற நாற்காலியிலதான் உக்காந்தார். நுனியில. காபி கொடுத்தேன். நல்லா இருக்கீங்களா, சுகமா இருக்கீங்களான்னே கொஞ்ச நேரம் போச்சு. திட்டத்தான் வந்திருக்கார்னு நான் நினைச்சேன். ஒருத்தர் திட்டினா பதில் சொல்லிடலாம் பாருங்க. அதுக்கு நான் தயாராத்தான் இருந்தேன்.

அவர் திட்டலை. மகளைப் பத்திச் சொன்னார். எட்டு மாசமா அவர்கிட்ட பேசறதில்லையாம். சோறு போட்டா சாப்பிடுது, ஸ்கூலுக்குப் போகுது, வருது. அவர் உள்ள வந்தா எழுந்து வெளியில போயிடுது. அதைக் கூடத் தாங்கிக்கலாம் டீச்சர்னார். ஆரம்பத்துல ஒரு மாசம் பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சாம். தினம் அவர் கடல்ல இருந்து வந்ததும் ஓடிவந்து ஒரே கேள்வி. குட்டியைப் பார்த்தியா, குட்டியைப் பார்த்தியா.

ஏன்னா புத்தகத்துல அப்படித்தானே இருக்கு. இன்றும் சுற்றிக்கொண்டே இருக்கிறதுன்னு. அது அந்த வரியை அப்படியே நம்பிருச்சு. அது ஒரு இலக்கிய வரிம்மா. பதினோரு வயசுப் பிள்ளைக்கு அது புரியும்னு நினைச்சேன்.

ஒருநாள் மிக்கேல் சொல்லியிருக்கார். இல்லம்மா, அந்தக் குட்டி அப்பவே செத்துப்போச்சு, அப்பாதான் புதைச்சேன்னு. அதுக்கு அந்தப் பிள்ளை கேட்டதை அவர் என்கிட்ட சொன்னப்ப, தரையைப் பார்த்துக்கிட்டுத்தான் சொன்னார்.

"அப்ப அதையும் நீதான் கொன்னியான்னு கேட்டுச்சு டீச்சர்."

இப்ப அந்த மீதியைச் சொல்லணும். அன்னைக்கு வேப்பமரத்தடியில அவர் சொல்லி, நான் எழுதாம விட்டது.

கரையில அறுத்துக்கிட்டிருக்கும்போது குட்டி அந்த இடுப்பளவு தண்ணியிலயே நின்னிருக்கு. போகலை. மிக்கேல் தன் பங்கை வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டுத் திரும்பி வந்திருக்கார். அப்பவும் நிக்குது. அதுக்கப்புறம் மூணு நாள் அவர் தொழிலுக்குப் போகலை. மத்தவங்களை அந்தப் பக்கம் வலை போட விடாம சண்டை பிடிச்சிருக்கார். முங்கி முங்கிக் கடல்புல்லைக் கையால பிடுங்கி வந்து அது வாய்கிட்ட காட்டியிருக்கார். பால்குடி, அதுக்குப் புல் எங்க தெரியும். பால் வாங்கிட்டுவந்து பாட்டில்ல ரப்பர் மாட்டித் தண்ணியில நின்னுக்கிட்டு ஊட்டப் பார்த்திருக்கார். ஒரு வாய் உள்ள போகலை. ஊரே கரையில நின்னு சிரிச்சிருக்கு, தாயைத் தின்னுட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கறான்னு. கடைசியில குட்டி கரையில ஒதுங்கிக் கிடந்திருக்கு. யாரும் கத்தியோட வர்றதுக்கு முன்னாடி இவர் தூக்கிட்டுப்போய் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் புதைச்சிருக்கார். அதுக்கப்புறம் அந்தத் திருக்கை வலையை அவர் கடல்ல போட்டதே இல்லை. அதுதான் அவரோட நல்ல தொழிலா இருந்தது.

இத்தனையும் என் நோட்டுல இருக்கு. நாலு பக்கம். தேதி போட்டு எழுதியிருக்கேன்.

ஏன் விட்டேன்னு கேப்பீங்க. ஒரு அத்தியாயத்துக்கு ஆறு பக்கம். அதுல ரெண்டு பக்கம் படம். அப்புறம், குழந்தைங்களுக்கு எழுதறப்ப ஒரு கொள்கை உண்டு. சாவோட முடிக்கக் கூடாது. தாய் செத்துப்போறது ஏற்கனவே ஒண்ணு. குட்டியும் செத்துப்போச்சுன்னா படிக்கிற பிள்ளை அந்தப் பக்கத்தோட மூடி வச்சுடும். குட்டி சுத்திக்கிட்டிருக்குன்னு முடிச்சா, நாம ஏதாவது செய்யணும்னு அதுக்குத் தோணும். இது நான் இருபத்தெட்டு வருஷம் வகுப்புல பார்த்தது. உங்க நிறுவனத்துல அப்ப இருந்தவரும் கைப்பிரதியைப் படிச்சுட்டு, இங்கயே நிறுத்தினது பிரமாதம்னுதான் சொன்னார்.

மிக்கேல் அதையெல்லாம் கேக்கலை. ஏன் எழுதலைன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அவர் வந்தது வேற ஒண்ணுக்கு. அவர் மனைவி புஷ்பராணி மககிட்ட எடுத்துச் சொல்லியிருக்காங்க, அப்பா மூணு நாள் தண்ணியில நின்னாருடின்னு. அதுக்குப் பிள்ளை, நீ அப்பாவுக்காகச் சொல்ற, புத்தகத்துல அது இல்லையேன்னிருச்சாம். முதல் பக்கத்துல, இதில் உள்ளது எல்லாம் உண்மை, ஒரு வரி கூடக் கற்பனை இல்லைன்னு போட்டிருக்காமேன்னு என்னைக் கேட்டார். போட்டிருக்கேன். பிள்ளைங்க நம்பணும்னுதான் போட்டது.

அப்புறம் சொன்னார். "எனக்கு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க டீச்சர். அந்த மூணு நாளை மட்டும். கீழ உங்க பேரைப் போட்டுடுங்க. நீங்க எழுதினா நம்பும்."

பதினஞ்சு நாள்ல பஹ்ரைனுக்கு மீன்பிடி போட்ல வேலைக்குப் போறாராம். ஏஜென்ட் மூலமா விசா வந்திருக்கு, ரெண்டு வருஷம். அதுக்குள்ள அந்தப் பிள்ளை ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டுட்டா போதும்னார்.

நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். நீங்க அப்படித்தான் நினைக்கறீங்க, உங்க முகத்துலயே தெரியுது. அங்கயே, அந்த மேஜையில உக்காந்து, அரைமணி நேரத்துல. ஆனா என் பக்கத்தையும் பாருங்க. ஒரு வெள்ளைத் தாள்ல கையால எழுதிக் கொடுத்தா அது என்ன? சிபாரிசுக் கடிதம் மாதிரி இருக்கும். புத்தகத்துல வந்த தப்பைப் புத்தகத்துலயே சரி பண்ணணும். எல்லாப் பிள்ளைங்களும் படிக்கணும். நான் அவர்கிட்ட அதைத்தான் சொன்னேன். தாள் எதுக்கு மிக்கேல், ரெண்டாம் பதிப்பு வரப்போகுது, அதுல முழுசாவே சேர்த்துடறேன், அச்சுல வந்தா உங்க மக மட்டும் இல்லை, ஊரே நம்பும்னு. அவருக்குப் பதிப்புன்னா என்னன்னு தெரியலை. விளக்கினேன். எப்ப வரும்னு கேட்டார். ரெண்டு மூணு மாசம்னேன். அப்பச் சரிங்க டீச்சர்னார். எழுந்து நின்னு அந்த நாலு விரலையும் சேர்த்து வச்சுக் கும்பிட்டுட்டுப் போனார்.

ரெண்டாம் பதிப்பு வரலை. உங்க நிறுவனத்துல நிர்வாகம் மாறினது, காகிதம் விலை ஏறினது, குழந்தைகள் பிரிவையே மூடறதாப் பேச்சு வந்தது, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் எத்தனை கடிதம் போட்டேன் தெரியுமா? உங்க ஃபைல்ல இருக்கும், பாருங்க. ஆறு கடிதம். சேர்க்க வேண்டிய பகுதியை அனுப்பவான்னு ஒவ்வொண்ணுலயும் கேட்டிருக்கேன். பதில் வந்தது ரெண்டுக்குத்தான். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்.

நடுவுல மிக்கேல் பஹ்ரைன்லேருந்து ரெண்டு தடவை ஃபோன் பண்ணினார். முதல் தடவை, அச்சு ஆயிடுச்சா டீச்சர்னு கேட்டார். இன்னும் இல்லைன்னேன். ரெண்டாவது தடவை அதைக் கேக்கவே இல்லை. அங்க கடல்லயும் ஆவுளியா இருக்கு டீச்சர், நிறைய இருக்கு, கூட்டமா வருது, நான் பார்த்தேன்னார். குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். நான் எத்தனை இருந்தது, குட்டிகள் இருந்ததான்னு கேட்டுக் குறிச்சுக்கிட்டேன். அவருக்கும் தோணலை, எனக்கும் தோணலை, பழைய பேச்சை எடுக்க. அவர் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

அவர் போன ரெண்டாவது வருஷம், தை மாசம், அந்த ஊர் டீச்சர் ஃபோன் பண்ணினா. போட்லயே நெஞ்சுவலி வந்து போயிட்டாராம். உடம்பு வந்து சேர முப்பத்தோரு நாள் ஆச்சு.

நான் அடக்கத்துக்குப் போகலை. அந்த நேரத்துல நான் போய் நின்னா ஏதாவது ஆயிடுமோன்னு இருந்தது. ஒரு வாரம் கழிச்சுப் போனேன். பட்டுக்கோட்டை போய், அங்கேருந்து கடற்கரை ரோட்டு பஸ். புஷ்பராணி வாங்கன்னு சொன்னாங்க. நாற்காலி எடுத்துப் போட்டாங்க. சுவத்துல அவர் படம், மாலை, அதுக்குக் கீழ மெழுகுவத்தி. அந்தம்மாவே பேசினாங்க. சத்தமே இல்லாம, பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் சொல்ற மாதிரி.

"வாராவாரம் கூப்பிடுவாரு. எங்கிட்ட சாப்டியாம்பாரு, அது பேசுதான்னு கேப்பாரு, அப்புறம் டீச்சர்கிட்டேருந்து தாள் வந்துச்சாம்பாரு. வந்துரும்னு நானும் சொல்லுவேன்."

நான் ரெண்டாம் பதிப்பு தள்ளிப்போனதைச் சொன்னேன். நிர்வாகம் மாறினதைச் சொன்னேன். அவங்க தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க. டீ கொடுத்தாங்க. ஒரு கோபம் இல்லை, ஒரு சுடுசொல் இல்லை. மன்னிச்சுட்டாங்கன்னுதான் நான் நினைக்கறேன். அந்த மாதிரி மனுஷங்க அவங்க.

ஜெசிந்தா உள் அறையில இருந்தா. கதவு சாத்தியிருந்தது. பதினாலு வயசு ஆயிருக்கும் அப்ப. புஷ்பராணி ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. வரலை. நான் கிளம்பறப்ப கதவுக்குப் பக்கத்துல போய் நின்னு, உங்கப்பா ரொம்ப நல்லவர்ம்மான்னு சொன்னேன். உள்ள இருந்து ஒரு சத்தமும் இல்லை. வகுப்புல அறுபது பிள்ளைங்க கத்தும்போது கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே உக்காந்து எழுதினேன். ஒரே தாள். அவர் கேட்ட மாதிரியே, அந்த மூணு நாளை மட்டும். நோட்டைப் பார்த்து, எதையும் கூட்டாம, கீழ என் பேரைப் போட்டு. அரைமணி நேரம் கூட ஆகலை. ஜெசிந்தா பேருக்கே தபால்ல அனுப்பினேன். கடைசியை மட்டும் கொஞ்சம் மாத்தினேன். அப்பாவைப் புதைச்சு ஒரு வாரம் ஆன பிள்ளைக்கு, அதுல போய்க் குட்டியைப் புதைச்சதை எப்படி எழுதறது? "நான்காம் நாள் காலையில் அந்தக் குட்டி மெல்லத் திரும்பி, ஆழத்தை நோக்கி நீந்திச் சென்றது" அப்படின்னு முடிச்சேன். உங்களுக்கே தெரியும், அது எவ்வளவு இதமா இருக்குன்னு. யாருக்கும் அதனால கெடுதல் இல்லை.

ஒன்றரை மாசம் பதில் இல்லை. இனிமே வராதுன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு கவர் வந்தது. பிரிச்சா என் தாளே திரும்பி வந்திருக்கு. வேணாம்னு அனுப்பிட்டாளோன்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன். இதோ, இதுதான். எடுத்துப் பாருங்க. அந்தப் பென்சில் எழுத்தெல்லாம் அவளோடது.

மூன்று நாட்கள்னு நான் எழுதியிருக்கேன் பாருங்க. அதை அடிச்சுட்டு நாலுன்னு போட்டிருக்கா. ஓரத்துல சின்னதா, "அம்மா எண்ணிச் சொன்னாங்க. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகலை." பசும்பால்னு எழுதியிருந்தேன். அது ஆட்டுப்பாலாம், பக்கத்து வீட்டு ஆடாம். அப்புறம் இங்க, குளிர்ந்த நீரில் நின்றார்னு இருக்கறதை அடிச்சிருக்கா. அது வைகாசி மாசமாம், தண்ணி சுடுமாம். நான் அந்தக் கடல்ல ஒரு தடவை கூட இறங்கலைங்கறது எவ்வளவு சுலபமா அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு பாருங்க. இருபத்தெட்டு வருஷம் நான் திருத்தின மாதிரியே திருத்தியிருக்கா. ஒவ்வொண்ணுக்கும் அம்மாகிட்ட போய்க் கேட்டிருக்கா. அந்த வீட்டுல மூணு வருஷமா யாரும் பேசாத பேச்சு அது. ரெண்டு பேரும் எத்தனை நாள் உக்காந்து பேசினாங்களோ.

அவரும் உக்காந்திருக்க வேண்டியது. சரி, விடுங்க.

நான் சொல்ல வந்ததுக்கு வரேன். இந்தத் தாளை, அவ திருத்தினபடியே, ஏழாவது அத்தியாயத்தோட கடைசியில சேர்க்கணும். பரிசு வாங்கின அந்த வரியை எடுத்துடணும். எடுத்துடறதுன்னு சொல்லிட்டேனே தவிர, நேத்து ராத்திரி வரைக்கும் மனசு கேக்கலை. அந்த வரியை வேற எங்கயாவது, பின்னட்டையிலயாவது வைக்கலாமான்னு யோசிச்சேன். நீங்களும் அதைத்தான் சொல்லுவீங்க, விக்கறதுக்கு அதுதான் உதவும்னு. வேண்டாம். பக்கம் போதலைன்னா படத்துல ஒண்ணைக் குறைச்சுக்கோங்க.

என் கவலையெல்லாம் அந்தக் கடைசிப் பத்திதான். ஒன்பது வயசு, பத்து வயசுப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம். இப்படி முடியலாமான்னு இன்னும் எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியலை. ஆனா அதுல ஒரு எழுத்தைத் தொட எனக்குக் கை வரலை. நீந்திச் சென்றதுன்னு நான் எழுதினதைக் கிழியற அளவுக்கு அழுத்தி அடிச்சிருக்கா, பின்பக்கம் தடவிப் பாருங்க, தெரியும். அதுக்குக் கீழ எழுதியிருக்கா. கண்ணாடி இல்லாம எனக்குச் சரியாத் தெரியாது, ஆனா மனப்பாடம்.

"குட்டி செத்துப்போச்சு. அப்பா கையாலயே குழி தோண்டுனாங்க. அம்மாவும் மண்ணு தள்ளுனாங்க. அன்னைக்கு நான் அம்மா வயித்துல ஆறு மாசம். குனிய வேணாம்னு அப்பா சொன்னாங்களாம்."

இது என் நோட்டுல இல்லை. மிக்கேல் சொல்லலை. அன்னைக்கு அந்த வேப்பமரத்தடியில நான் அவர்கிட்ட ஆவுளியாவைப் பத்தித்தான் கேட்டேன்.